சூடு பிறக்கும் இடம்

காங்கேசன்துறையிலிருந்து நேயர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். இடம்பெயர்ந்து பல ஊர்களில் வாழ்ந்து, காணி விடுவிக்கப்பட்ட பின்னர் பிறந்த மண்ணுக்கு மீண்டவர் அவர். அவரிடம் பழைய டீசல் ஜீப் ஒன்று இருக்கிறது. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வகையைச் சேர்ந்தது. வார நாள்களில் அது மீன்பெட்டிகளையும் பனிக்கட்டியையும் சுமக்கும். திருவிழாக் காலங்களில் அடியார்களை ஏற்றிச் செல்லும். ஆண்டுக்கு இருமுறை குடும்பத்துடன் மலைநாட்டுக்கும் போய்வரும். அந்த வீட்டின் மூத்த உழைப்பாளி அந்த வண்டிதான் என்று சொன்னால் மிகையாகாது.

அவர் எழுதுவது வருமாறு: “ஆசிரியர் ஐயா, வெளிநாட்டில் இருக்கும் என் மூத்த மகன் ஒரு மானி வாங்கி அனுப்பியிருக்கிறான். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் சூட்டை அது காட்டுமாம். அதைப் பூட்டுவதற்கு எஞ்சினின் புகைக்குழாயில் துளையிட வேண்டுமாம். பல வருடமாக என் வண்டியைப் பார்த்துவரும் மெக்கானிக் தம்பியோ, ‘ஐயா, தண்ணிச் சூட்டுக்கு முன்னமே ஒரு மானி இருக்குது. இல்லாத நோயைத் தேடி, நல்ல இரும்பில ஏன் ஓட்டை போடுவான்?’ என்கிறார். இந்த வண்டிக்குப் பின்னாளில் டர்போ பூட்டியவரும் அவர்தான். மகன் சொல்வதைக் கேட்பதா, தம்பி சொல்வதைக் கேட்பதா?”

இது தனியொருவரின் கேள்வியாயினும், பல வீடுகளுக்கு உரிய கேள்வியாகும். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நம் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025இல் தனியார் வாகனங்களுக்கு வழி மீண்டும் திறந்தபோதும், வரியும் விலையும் சாதாரண குடும்பங்களை எட்ட நிற்கச் செய்துவிட்டன. ஆகவே பழைய லாண்ட் ரோவரும் பஜிரோவும் லாண்ட் குரூசரும் வைத்திருப்பவர்கள், அவற்றைக் கண்போலக் காக்க வேண்டியவர்களாயினர். அத்தகைய எஞ்சின் ஒன்று கெட்டுப்போனால் அதற்கு மாற்று எளிதில் கிடையாது. வண்டி நின்றால் தொழில் நிற்கும். தொழில் நின்றால் பிள்ளைகளின் படிப்புச் செலவும் நிற்கும். எனவே இக்கேள்வியைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

முதலில் டீசல் எஞ்சினின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். ஜேர்மனியரான ருடோல்ப் டீசல் 1897இல் தமது எஞ்சினை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். பெற்றோல் எஞ்சினில் மின்பொறி தீ மூட்டுகிறது. டீசல் எஞ்சினில் அந்த வேலையைக் காற்றே செய்கிறது. சிலிண்டருக்குள் புகுந்த காற்று பழைய டீசல் எஞ்சின்களில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நெருக்கப்படும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைச் சிறுவர்களும் அறிவர். அதே நியதிப்படி, நெருக்கப்பட்ட காற்று தீப்பற்றும் அளவுக்குச் சூடேறுகிறது. அந்த நேரத்தில் எரிபொருள் தூவப்பட, அது தானாகவே எரிகிறது.

இங்கே முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. பெற்றோல் வண்டியில் நாம் காலால் மிதிக்கும்போது காற்றும் எரிபொருளும் சேர்ந்தே கூடுகின்றன. இரண்டுக்கும் இடையிலான விகிதம் பெரும்பாலும் மாறுவதில்லை. பழைய டீசல் வண்டியில் காற்றுக்குத் தடையில்லை. ஒவ்வொரு முறையும் சிலிண்டர் கொள்ளுமளவு காற்று உள்ளே போகும். நம் கால் கூட்டுவதும் குறைப்பதும் எரிபொருளை மாத்திரமே. வண்டி நின்ற நிலையில் ஓடும்போது மிகுந்த காற்றில் சிறு துளி எரிபொருள் எரிகிறது. ஆகவே சூடு குறைவு. மிதிக்க மிதிக்க அதே காற்றில் மேலும் மேலும் எரிபொருள் எரிகிறது. ஆகவே சூடு ஏறிக்கொண்டே போகிறது. எரிவதற்கு வேண்டிய காற்று போதாமற் போகும் கட்டத்தில்தான் கரும்புகை தோன்றும். டீசல் எஞ்சினுக்கு எரிபொருளை அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தால், கொடுத்த மிச்சம் சூடாகவும் புகையாகவும் வெளியேறும் என்பது இதன் சாரம்.

நேயரின் வண்டிக்கு டர்போ பின்னர் பூட்டப்பட்டது என்பதை இங்கே நினைவிற் கொள்ளுதல் வேண்டும். வெளியேறும் புகையின் விசையாற் சுழன்று, சிலிண்டருக்குள் கூடுதற் காற்றைத் தள்ளும் கருவியே டர்போ. காற்றுக் கூடினால் எரிபொருளையும் கூட்டலாம். எரிபொருள் கூடினால் இழுவைச் சக்தி கூடும். ஆதலால் டர்போ பூட்டுகிறவர்கள், எரிபொருள் பம்பின் திருகையும் சற்றுத் திருகிவிடுவது வழக்கம். காற்றும் எரிபொருளும் ஒன்றுக்கொன்று ஈடாக இருக்கும் வரையில் தொல்லையில்லை. காற்றுவடிகட்டி தூசியால் அடைபட்டாலோ, டர்போவிலிருந்து வரும் இறப்பர்க் குழாய் எங்காவது வெடித்துக் காற்று கசிந்தாலோ, திருகிவிட்ட எரிபொருள் அதே அளவில் பாய்ந்துகொண்டிருக்க, காற்று மட்டும் குறைந்துபோகும். அப்போது சிலிண்டருக்குள் எழும் வெம்மையை ஓட்டுநர் எவ்வாறு அறிவார்?

“தண்ணிச் சூட்டுக்கு மானி இருக்குது” என்று மெக்கானிக் தம்பி சொல்கிறார். உண்மைதான். ஆனால் அந்த மானி அளப்பது எதனை? ரேடியேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையே சுற்றிவரும் தண்ணீரின் சூட்டை அது அளக்கிறது. சிலிண்டருக்குள் பிறந்த வெப்பம் இரும்புச் சுவரைக் கடந்து, பல லீற்றர் தண்ணீரைச் சூடேற்றிய பின்னரே அந்த முள் அசையும். மேலும், தண்ணீரின் சூட்டை ஏறக்குறைய ஒரே அளவில் வைத்திருப்பதற்கென்றே ஒரு வால்வு அங்கே வேலை செய்கிறது. ஆகவே நெடுநேரம் அந்த முள் நடுவில் அமைதியாக நிற்கும். இன்னுமொரு வேடிக்கை: குழாய் வெடித்துத் தண்ணீர் முழுவதும் கொட்டிப்போனால், மானியின் உணரி வெறும் ஆவியில் நிற்க, முள் சில வேளைகளில் கீழிறங்கி, யாவும் நலம் என்று பொய்ச்சாட்சி சொல்லும்.

வீட்டில் அடுப்பு மூண்டு எரிவதை அடுத்த அறையின் சுவரைத் தொட்டுப் பார்த்து அறிய முயல்வதற்கு இது நிகர். சுவர் சுடும், ஆனால் அதற்குள் சோறு கரிந்திருக்கும். சூட்டை அது பிறக்கும் இடத்திலேயே அறிய வேண்டும். சிலிண்டருக்குள்ளே எதையும் வைத்து அளப்பது எளிதன்று. ஆனால் அங்கிருந்து வெளியேறும் புகை, உள்ளே நிகழ்ந்ததைச் சில நொடிகளுக்குள் வெளியே கொண்டுவருகிறது. அந்தப் புகையை வாசலிலேயே நிறுத்தி விசாரிப்பதுதான் மகன் அனுப்பிய மானியின் வேலை.

அளவு மீறிய சூடு எதனைக் கெடுக்கும் என்பதையும் பார்ப்போம். பிஸ்டன்கள் அலுமினியக் கலப்பு உலோகத்தால் ஆனவை. தூய அலுமினியம் 660 செல்சியஸ் பாகையில் உருகும். பிஸ்டனுக்குப் பயன்படும் சிலிக்கன் கலந்த அலுமினியமோ அதற்கும் முன்னரே உருகத் தொடங்கிவிடும். சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் சூடோ கணநேரத்துக்கு 2,000 பாகையையும் தாண்டுவதுண்டு. அங்ஙனமாயின் பிஸ்டன் எவ்வாறு உயிர் பிழைக்கிறது? அதன் தலையில் விழும் வெப்பம் வளையங்கள் வழியாகச் சிலிண்டர்ச் சுவருக்கும், அடியில் தெறிக்கும் எண்ணெய்க்கும் ஓயாது கடத்தப்பட்டுக்கொண்டே இருக்கிறது. வரவு செலவு சரியாக இருக்கும் வரை குடும்பம் நடப்பது போல, வந்த வெப்பம் வடிந்துகொண்டிருக்கும் வரை பிஸ்டன் நிலைக்கும். வரவு மிஞ்சி, அந்நிலை பல நிமிடங்கள் நீடித்தால் அலுமினியம் தன் வலிமையை இழக்கும். பிஸ்டனின் தலை வெடிக்கும், அல்லது ஓரம் உருகும். வால்வுகளுக்கு இடையில் சிலிண்டர்த் தலை பிளக்கும். வார்ப்பிரும்புக் குழாய் கீறல் விடும். டர்போவின் சக்கரமும் அதன் தாங்கியும் பழுதடையும். இவை யாவும் பெரும்பாலும் ஓசையின்றித் தொடங்குவன. ஓசை கேட்கும் வேளையில் காரியம் கைமிஞ்சிப் போயிருக்கும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மேடு என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. சமதரையில் வெறும் வண்டியை நிதானமாக ஓட்டும்போது இந்த ஆபத்து அரிது. நேயர் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கண்டி வீதியில் தெற்கே சென்று, கம்பளை தாண்டி, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும்போதுதான் சோதனை வருகிறது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அமுக்கம் காங்கேசன்துறைக் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மாத்திரமே. காற்று மெலிந்துவிட்டது, ஏற்றமோ கால் அழுத்தத்தைக் கூட்டச் சொல்கிறது. பழைய பம்போ உயரத்தை அறியாது. கடற்கரையில் கொடுத்த அளவையே அங்கும் கொடுக்கும். கடற்கரையில் பிறந்து வளர்ந்த வண்டி மலையில் மூச்சுத் திணறுவதன் காரணம் இதுவே.

இனி, அந்த மானி எவ்வாறு வேலை செய்கிறது என்று பார்ப்போம். 1821இல் தோமஸ் சீபெக் என்னும் விஞ்ஞானி ஒரு புதுமையைக் கண்டார். வெவ்வேறான இரண்டு உலோகங்களை இரு முனைகளிலும் இணைத்து வளையமாக்கி, ஒரு முனையை மாத்திரம் சூடாக்கினால், அருகில் வைத்த காந்த ஊசி திரும்பியது. சூட்டின் வேறுபாடு மின்னோட்டத்தைப் பிறப்பிக்கிறது என்பது பின்னர் விளங்கிற்று. உயர்தர வகுப்பில் பௌதிகம் கற்கும் மாணவர்கள் இதனை வெப்பவிணை என்று அறிவார்கள். இக்காலத்து வாகன மானிகளில் பெரும்பாலும் நிக்கலும் குரோமியமும் கலந்த கம்பி ஒன்றும், நிக்கலுடன் சிறிதளவு அலுமினியம் முதலியன கலந்த கம்பி ஒன்றும் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு பாகைச் சூட்டு வேறுபாட்டுக்கு இந்த இணை ஏறக்குறைய 41 மைக்ரோவோல்ட் தரும். 700 பாகைக்குக் கிடைப்பது 29 மில்லிவோல்ட் அளவே. கைவிளக்கின் ஒரு பற்றரியின் வலுவில் ஐம்பதில் ஒரு பங்கு! அந்த நுண்ணிய செய்தியைப் பழுதின்றி முள்ளுக்குக் கொண்டு சேர்ப்பதில்தான் பூட்டும் கலை அடங்கியிருக்கிறது.

காங்கேசன்துறை மக்களுக்கு இந்த விஞ்ஞானம் முற்றிலும் அந்நியமானதன்று. ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், 1950ஆம் ஆண்டு அங்கே சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லும் முருங்கனிலிருந்து வந்த களிமண்ணும் சுழலும் சூளைக்குள் ஒன்றாயின. சீமெந்துச் சூளையில் கல் ஏறக்குறைய 1,450 பாகை வரை வேக வேண்டும். குறைந்தால் சுண்ணாம்பு முழுவதும் சேராது, சீமெந்து பழுதாகும். மிஞ்சினால் சூளையின் உட்சுவரான தீக்கல் அழியும். ஆகவே எந்தச் சீமெந்துச் சூளையிலும், நீலக் கண்ணாடி வழியே சுவாலையின் நிறத்தைப் பார்த்துச் சூட்டை மதிக்கும் அனுபவசாலி ஒருவர் இருப்பார். அவருடைய கண்ணுக்குத் துணையாகக் கருவியும் இருக்கும். ஹென்றி லெ சாத்தெலியே என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர் 1887இல் தம் ஆய்வேட்டைச் சீமெந்தின் இயல்பு பற்றியே எழுதினார். உயர்ந்த சூட்டை நம்பிக்கையோடு அளக்கப் பிளாற்றினத்தாலான வெப்பவிணையை 1880களில் உருவாக்கித் தந்தவரும் அவரே. சீமெந்தும் வெப்பவிணையும் ஒரே அறிஞரின் மேசையில் சந்தித்தவை என்பது எண்ணி மகிழத்தக்கது.

அந்தத் தொழிற்சாலை யுத்தத்தின் காரணமாக 1990இல் நின்றுபோயிற்று. ஆயினும் அவ்வூரின் எல்லைக்குள்ளும் அயலிலும் இதே அளவை இன்றும் நடைபெறுகிறது. துறைமுகத்துக்கு வரும் கப்பலின் எஞ்சின் அறைக்குள் நுழைந்து பார்த்தால், பெரிய டீசல் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரின் புகைவாயிலிலும் ஒரு வெப்பமானி இருக்கும். எஞ்சினியர் அவற்றைக் குறித்த நேரங்களில் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். அயலிலுள்ள பலாலி 2019இல் யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையமாயிற்று. அங்கு இறங்கும் விமானங்களின் ஓட்டுநர் அறையிலும் எஞ்சினுக்குள் எழும் வாயுவின் சூட்டைக் காட்டும் மானி முதன்மையான இடம் பெற்றிருக்கிறது. கப்பலுக்கும் விமானத்துக்கும் வேண்டியது, ஏற்றம் ஏறும் ஜீப்புக்கு வேண்டாததா?

இப்போது துளையிடும் வேலைக்கு வருவோம். மெக்கானிக் தம்பியின் அச்சம் அர்த்தமற்றதன்று. கவனமின்றிச் செய்தால் மானி பூட்டப் போய் டர்போவை இழக்க நேரும். ஆகவே கீழ்வரும் விடயங்களைக் கருத்திற் கொள்வது நல்லது.

முதலாவது, இடம். சிலிண்டர்களின் புகை யாவும் வந்து ஒன்றுசேரும் வார்ப்பிரும்புக் கூட்டுக்குழாயை நம்மவர் ‘மெனிபோல்ட்’ என்பர். அங்கே, டர்போவுக்கு முன்னால், எல்லாப் புகையும் கலக்கும் இடமே தக்கது. டர்போவைக் கடந்த பின்னர் புகை தன் சக்தியில் ஒரு பங்கைக் கொடுத்துவிடுவதால் சூடு குறைந்து காணப்படும். பாரம் இழுக்கும்போது இந்த வேறுபாடு 100 பாகைக்கு மேலும் இருக்கலாம். அதுவும் ஒரே அளவாய் நிற்பதில்லை. துளையிடுவது எளிது என்று பின்னால் பூட்டினால், காட்டும் எண்ணை நம்பி நடக்க முடியாது.

இரண்டாவது, துளை. இயலுமாயின் கூட்டுக்குழாயைக் கழற்றி, மேசையில் வைத்துத் துளையிட்டு மரை வெட்டுதலே உத்தமம். பழைய வண்டியில் துருப்பிடித்த போல்ட்டுகள் முறிந்துவிடும் என்று அஞ்சினால், பூட்டிய நிலையிலும் செய்யலாம். துறப்பணத்தின் அலகிலும் மரைவெட்டியிலும் தாராளமாகக் கிறீஸ் பூசி, சிறிது வெட்டி வெளியே எடுத்துத் துடைத்து, மீண்டும் பூசி வெட்ட வேண்டும். வார்ப்பிரும்புத் துகளை அந்தக் கிறீஸ் பிடித்து வைத்துக்கொள்ளும். முடிவில் காந்தத் தண்டு ஒன்றை உள்ளே விட்டு எஞ்சிய துகளையும் எடுத்துவிட வேண்டும். இலட்சம் சுற்றுக்குக் கிட்டச் சுழலக்கூடிய டர்போச் சக்கரத்துக்கு ஒரு கடுகளவு இரும்பும் எமனாகும்.

மூன்றாவது, ஆழம். உணரியின் முனை குழாயின் நடுவில், புகை பாயும் வழியில் நிற்க வேண்டும். சுவரோரத்தில் நின்றால் இரும்பின் சூட்டையே சொல்லும். மரையில் சூடு தாங்கும் களிம்பு பூசிவிட்டால், பின்னொரு நாள் கழற்ற வேண்டி வரும்போது கைகொடுக்கும்.

நான்காவது, கம்பி. இதில்தான் வல்லவர்களும் வழுக்குவதுண்டு. உணரியிலிருந்து மானி வரை செல்லும் கம்பி அதே கலப்பு உலோகத்தால் ஆனதாக இருக்க வேண்டும். நீளம் போதவில்லை என்று சாதாரணச் செப்புக் கம்பியை எஞ்சினுக்கு அருகே ஒட்டிவிட்டால், அந்த ஒட்டிலும் புதிய இணை ஒன்று தோன்றி, எஞ்சின் அறையின் சூட்டுக்கு ஏற்பப் பிழையான எண்ணைக் காட்டும். நேர்முனை, எதிர்முனை மாறினாலும் பிழைதான். அமெரிக்க முறைப்படி வந்த கம்பியாயின் சிவப்பு எதிர்முனையைக் குறிக்கும். சிவப்பை நேர்முனை என்று பழகிய நம் கைகள் இங்கே நின்று நிதானிக்க வேண்டும். காங்கேசன்துறையின் உப்புக்காற்று உலோகத்தைத் தின்னும் என்பது அவ்வூரார் அறிந்ததே. மில்லிவோல்ட் கணக்கில் ஓடும் செய்திக்குச் சிறு களிம்பேறுதலும் இடையூறாகலாம். ஆகவே பொருத்துகள் காற்றுப் புகாமல் மூடப்படுவது அவசியம்.

பூட்டுவதற்கு முன் எளிய சோதனை ஒன்று செய்யலாம். மானியை உணரியோடும் பற்றரியோடும் இணைத்து, உணரியின் முனையைக் கொதிக்கும் தண்ணீரில் பிடித்துப் பாருங்கள். கடலோரமான காங்கேசன்துறையில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். மானியும் அதற்குக் கிட்டக் காட்டுமாயின் நம்பிக்கையோடு பூட்டலாம். வீட்டிலுள்ள பிள்ளைகளையும் அருகில் அழைத்துக் காட்டுங்கள். பாடப்புத்தகத்துப் பௌதிகம் அடுப்படியில் நடப்பதை அவர்கள் மறக்கமாட்டார்கள்.

மானி பூட்டியாயிற்று, இனி அதை வாசிப்பது எப்படி? டர்போவுக்கு முன்னால் பூட்டப்பட்டதாயின், நின்ற நிலையில் ஓடும்போது 100 முதல் 200 பாகையும், சமதரையில் சீராகச் செல்லும்போது 300 முதல் 450 பாகையும் பொதுவாகக் காணப்படும். நீண்ட ஏற்றத்தில் 550, 600 என்று ஏறும். 700 பாகையை அண்மித்தால் காலைத் தளர்த்துதல் வேண்டும் என்பதே அனுபவசாலிகள் பலரும் கைக்கொள்ளும் வரம்பு. எஞ்சினுக்கு எஞ்சின் இது சிறிது வேறுபடும்.

காலைத் தளர்த்தினால் முள் சில நொடிகளில் கீழிறங்குவதைக் காணலாம். ஏற்றத்தில் கியரைக் குறைப்பதும் நல்ல மருந்தாகும். உயர்ந்த கியரில் எஞ்சினை மெதுவாகச் சுழலவிட்டு முக்கி முனகி ஏற்றுவதே வண்டிக்கு இதமானது என்று எண்ணுவோர் பலர். உண்மை அதற்கு மாறானது. மெதுவாகச் சுழலும்போது டர்போ போதிய காற்றைத் தருவதில்லை. எரிபொருளோ நிறையப் பாய்கிறது. கீழ்க் கியரில் சற்று வேகமாகச் சுழன்றால் காற்றோட்டம் கூடி, ஒவ்வொரு அடிப்புக்கும் வேண்டிய எரிபொருள் குறைந்து, சூடு தணியும். இந்த ஒன்றைக் கண்ணால் காட்டித் தந்தாலே மானிக்குக் கொடுத்த பணம் திரும்பிவிடும்.

ஏற்றம் ஏறி வந்து வண்டியை நிறுத்தும்போதும் அதைப் பாருங்கள். முள் 200 பாகைக்குக் கீழே வரும் வரை எஞ்சினை ஓரிரு நிமிடம் சும்மா ஓடவிட்டு நிறுத்தினால், டர்போவின் தாங்கியில் நிற்கும் எண்ணெய் கருகிக் கட்டியாகாது.

நான் எல்லாவற்றிலும் மேலாகச் சொல்ல விரும்புவது இது: ஒரு சிறு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வரை, வழக்கமான பாரத்தோடு, வழக்கமான வேகத்தில் செல்லும்போது மானி காட்டும் எண்ணைக் குறியுங்கள். அந்த எண்தான் உங்கள் வண்டியின் நாடித்துடிப்பு. ஒரு நாள் அதே வீதியில், அதே பாரத்தில் 60, 70 பாகை கூடிக் காட்டினால் ஏதோ மாறியிருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள். வடிகட்டி அடைபட்டிருக்கலாம், காற்றுக்குழாய் கசியலாம், எரிபொருள் தூவும் நேரம் பிந்தியிருக்கலாம், சைலன்சர் உட்புறம் நொறுங்கி வழியை அடைத்திருக்கலாம். மலைக்குப் புறப்படுமுன் வீட்டு வாசலில் அது தெரிந்துவிட்டால், றம்பொடை வளைவில் மனைவி மக்களோடு நடுவழியில் நிற்கும் துன்பம் வராது. எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. 2022இல் டீசலுக்காக நாள்கணக்கில் வரிசையில் நின்றவர்களுக்கு, அந்த வெளியேற்றத்தைக் கண்ணால் பார்ப்பதும் ஒரு படிப்பினையே.

இந்த மானி சகலதும் அறிந்த சோதிடர் அன்று என்பதையும் சொல்லிவிடுதல் முறை. எண்ணெயின் அமுக்கத்தை அது சொல்லாது. தண்ணீர் குறைந்திருப்பதைச் சொல்லாது. எல்லாச் சிலிண்டர்களின் புகையும் கலந்த இடத்தில் அது நிற்பதால், ஒரு சிலிண்டரில் மாத்திரம் இன்ஜெக்டர் பழுதாகி அதிகச் சூடு எழுந்தால், மற்றவற்றின் மிதமான சூட்டில் அது மறைந்துபோகவும் கூடும். கப்பலில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி மானி வைத்திருப்பதன் காரணம் இதுவே. ஆகவே பழைய மானிகளைக் கைவிட வேண்டா. அவற்றோடு இதுவும் ஒன்றாகச் சேரட்டும். டர்போ இல்லாத வண்டியைக் குடாநாட்டுக்குள் மாத்திரம் நிதானமாக ஓட்டுபவர்களுக்கு இது கட்டாயமன்று. டர்போ பின்னர் பூட்டிய வண்டிக்கும், பாரம் இழுக்கும் வண்டிக்கும், மலையேறும் வண்டிக்கும் இது பெருந்துணை. நேயரின் வண்டியோ இம்மூன்று வகையிலும் அடங்குகிறது.

மெக்கானிக் தம்பியைப் பற்றியும் இரு வார்த்தை சொல்ல வேண்டும். 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடையாதிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்து மெக்கானிக்மார் பழைய பெற்றோல் கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்தார்கள். சில துளி பெற்றோலை ஊற்றி உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த வண்டிகள் எத்தனை! எஞ்சினின் ஓசையைக் காதாலும், புகையை மூக்காலும் பரிசோதித்துப் பழகிய தலைமுறை அது. அத்தகைய கைகளை நாம் மதிக்க வேண்டும். ஆனால் சூட்டுக்கு ஓசையில்லை, மணமில்லை. இரும்பு சிவக்கும் வரையில் நிறமும் இல்லை. காதும் மூக்கும் எட்டாத இடத்துக்கு ஒரு கருவி எட்டுமாயின், அது கைவல்லவனின் பெருமையைக் குறைப்பதன்று. சூளையின் சுவாலையைக் கண்ணால் அளந்த அனுபவசாலிக்கும் அருகில் ஒரு மானி இருந்ததை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

ஆகவே, நேயர் அவர்களே, மகன் அனுப்பிய மானியைப் பூட்டுங்கள். துளையிடும் பொறுப்பை அந்தத் தம்பியிடமே ஒப்படையுங்கள். உங்கள் எஞ்சினின் ஒவ்வொரு போல்ட்டையும் அறிந்தவர் அவர். கிறீஸ் பூசி, பொறுமையாக, துகள் விழாமல் செய்யக்கூடியவரும் அவரே. பூட்டி முடிந்ததும் அவரையே அருகில் இருத்தி, பாரத்தோடு ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள். பம்பின் திருகு தேவைக்கு அதிகமாகத் திருகப்பட்டிருக்கிறதா என்பதை முள் சொல்லிவிடும். அதைப் பார்த்தபின் திருகைச் சற்றுத் தளர்த்த வேண்டும் என்று முதலில் சொல்பவர் அவராகவே இருப்பார் என்பது என் எண்ணம்.

பிறகு மலைநாட்டுக்குப் புறப்படுங்கள். முள் 700ஐ நோக்கி நகரும்போது காலைத் தளர்த்த மறவாதீர்கள். மானி சொல்லத்தான் செய்யும். கேட்க வேண்டியது கால். நுவரெலியாவுக்கு அரை மணி நேரம் பிந்திப் போய்ச் சேர்ந்தாலும், அதே எஞ்சினோடு காங்கேசன்துறைக்குத் திரும்பி வந்தால் அதுவே இலாபம்.